கிளாக்கர் ஐயா எழுதிய மன்னிப்புக் கடிதம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நமது நலன்புரிச் சங்கத் தலைவர் திரு. குருமூர்த்தி அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! முன்வரிசையில் இருக்கும் திருமதி ராஜலட்சுமி தில்லையம்பலம் அம்மா அவர்களே! ரயில் ஓடாத ஞாயிற்றுக்கிழமையிலும் எட்மண்டனில் இருந்தும் ரெய்னர்ஸ் லேனில் இருந்தும் இரண்டு மூன்று பஸ் மாறி, கிழக்கு இலண்டனில் இந்தப் பார்க்கிங் ஊர் வரை வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் ஷாமளா. மலேசியாவில், கிள்ளானில் பிறந்தவள். சட்டம் படிக்க இலண்டனுக்கு வந்தேன். மூன்று வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவள், இருபது வருடமாக இங்கேயே இருக்கிறேன். இதே பார்க்கிங் ஊரில், ஒரு சலவைக் கடைக்கு மேலே, என்னுடைய சொலிசிட்டர் அலுவலகம் இருக்கிறது. வேலைத்தலத்திலும் வீதியிலும் காயப்பட்டவர்களுக்காக நட்டஈட்டு வழக்கு நடத்துவது என் தொழில். அமரர் தில்லையம்பலம் அவர்கள் கடைசி மூன்றரை ஆண்டுகள் அந்த அலுவலகத்தில் என்னோடு வேலை செய்தார். உங்களுக்கெல்லாம் அவர் கிளாக்கர் ஐயா. எனக்கும் ஐயாதான். ஆனால் அலுவலக நேரத்தில் அவர் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஐந்து மணி அடித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு, "பிள்ளை, மத்தியானம் சாப்பிட்டனீரோ?" என்று கேட்பார். ஐந்து மணிக்கு முன்னால் அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் ஒன்றைச் சொன்னார்கள். கிளாக்கர் ஐயா தன் வாழ்நாளில் ஒரு தவறும் செய்யாத மனிதர் என்றார்கள். மன்னிக்க வேண்டும், நான் அதை மறுக்கிறேன். அவர் ஒரு தவறு செய்தார். சின்னத் தவறு அல்ல! ஒரு பெண்ணின் வாழ்க்கையையே கவிழ்த்திருக்கக்கூடிய தவறு! அதைச் சொல்லவா இந்த மேடைக்கு வந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். ஆம், அதைச் சொல்லத்தான் வந்தேன். ராஜலட்சுமி அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்கோ. அவர் அதை எங்கை ஒளிச்சவர், நான் ஒளிக்கிறதுக்கு?" என்றார்.

ஐயாவின் பழைய கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், காணிப் பகுதியில் தலைமை எழுதுவினைஞராக, நம் பேச்சில் கிளாக்கராக, இருந்தவர். எண்பத்தாறில் அகதியாக இங்கே வந்தார். கவுன்சில் கார் பார்க்கில், டிக்கெட் கொடுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள், பதினாறு வருடம் வேலை செய்தார். அந்தக் கூண்டுதான் நம் சனத்துக்கு எழுத்து அலுவலகம்! வீட்டு வாடகையா, அரசாங்கத்தின் பெனிபிட் காசு நின்றுவிட்டதா, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு லீவு கேட்க வேண்டுமா? கார் இல்லாதவர்கள் கார் பார்க்குக்குப் போனார்கள். ஐயா ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் நகல் எடுத்து, திகதிப்படி அடுக்கி, பழைய பிஸ்கட் தகரங்களில் வைத்திருப்பார். கச்சேரிப் பழக்கம்.

அந்தக் கடிதங்களுக்கு ஒரு தனி லட்சணம் இருந்தது. எல்லாமே மன்னிப்போடுதான் தொடங்கும்! 'எனது கவனயீனத்தால் தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்குத் தாழ்மையுடன் வருந்துகிறேன்.' மேலதிகாரிக்கு எழுதினால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அவருக்குக் கைபழகியிருந்தது. சிரமம் யாரால் வந்தது என்பது வேறு விஷயம். முதலில் மன்னிப்பு, பிறகுதான் விஷயம். நாமும் அதை மரியாதை என்றே நினைத்தோம். நம்மில் யார் அதைக் கேள்வி கேட்டோம்?

இரண்டாயிரத்தோராம் ஆண்டு, நவம்பர் மாதம். நமது சகோதரி வசந்தமலர் சமோசா செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகள். காலை ஷிப்ட். மாவைத் தகடாகத் தட்டும் மெஷினில் இரண்டு உருளைகள். அந்த உருளைகளுக்கு மேலே ஒரு பாதுகாப்பு மூடி இருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். அதற்காகத்தான் அந்த மூடி. ஆனால் மா அடிக்கடி சிக்கும்; சிக்கும்போதெல்லாம் மெஷின் நின்றால் வேலை பிந்தும் என்று, மேற்பார்வையாளர் நிறுத்தும் சுவிட்சைக் கட்டிவிட்டு, அந்த மூடியைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டார். மூன்று கிழமையாக அது மூலையில்தான் கிடந்தது. நாலாவது கிழமை, சிக்கிய மாவை எடுக்கப்போன வசந்தமலரின் வலது கையை உருளைகள் இழுத்துக்கொண்டன. மூன்று விரல்கள் போய்விட்டன.

இரண்டு நாள் கழித்து ஐயா தோடம்பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். வசந்தமலர் அழவில்லையாம். ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாராம்.

"ஐயா, எனக்கு வேலை போயிடுமோ?"

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. மனேஜருக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தாறன். எல்லாம் சரிவரும்."

கட்டிலின் அருகிலேயே உட்கார்ந்து எழுதினார். 'மதிப்புக்குரிய ஐயா, எனது கவனயீனத்தால் நேர்ந்த விபத்துக்கும், தங்கள் மெஷின் பழுதடைந்ததற்கும், அன்றைய மா வீணானதற்கும் தாழ்மையுடன் மன்னிப்புக் கோருகிறேன். என்னைத் தொடர்ந்து வேலையில் வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.' ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத வசந்தமலர், இடது கையால், முதல் தடவையாக, கோணல்மாணலாகக் கையெழுத்து வைத்தார். ஐயா அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

கையைத் தின்றது யாருடைய மெஷின்? மன்னிப்புக் கேட்டது யார்? மா வீணானதாம்! இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அன்று அந்த வார்ட்டில் இருந்த இரண்டு பேருக்குமே அது நல்ல கடிதமாகத்தான் பட்டது.

வேலை கிடைத்ததா? இல்லை. தொழிற்சாலை அவரைத் திரும்பக் கூப்பிடவேயில்லை. இரண்டரை வருடம் கழித்து, பத்திரிகை விளம்பரம் பார்த்து, வசந்தமலர் ஒரு சொலிசிட்டரிடம் போனார். அப்போது நம் ஆட்களே அவரைக் கடிந்தார்கள். "சோறு போட்ட இடத்துக்கு மேலை வழக்கோ?" என்றார்கள். இந்த இடத்தில், தொழில் நிமித்தம், ஒரு நிமிடம் சட்டம் பேச அனுமதியுங்கள்.

இந்த நாட்டில் வேலை கொடுப்பவர் ஒவ்வொருவரும் தொழிலாளர் காயத்துக்காக இன்சூரன்ஸ் வைத்திருக்கவேண்டும். அது கட்டாயம். நட்டஈடு கொடுப்பது பெரும்பாலும் அந்த இன்சூரன்ஸ்தான். முதலாளியின் பிள்ளைகளின் சோற்றுத்தட்டில் இருந்து யாரும் எடுப்பதில்லை. நீதிமன்றம் கேட்பது மூன்று கேள்விகள். கவனம் எடுக்கவேண்டிய பொறுப்பு யாருக்கு இருந்தது? அவர் அதை எடுத்தாரா? எடுக்காததால்தான் காயம் வந்ததா? யார் அதிகமாக வருந்துகிறார்கள் என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் ஒரு கெடு வைத்திருக்கிறது. விபத்து நடந்து மூன்று வருடத்துக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் பதிய வேண்டும். தவறினால், எவ்வளவு நியாயம் இருந்தாலும், பெரும்பாலும் கதவு மூடிவிடும்.

வசந்தமலரின் வழக்குக்கு இன்சூரன்ஸ் கம்பனி ஒரே ஒரு காகிதத்தைப் பதிலாக அனுப்பியது. எந்தக் காகிதம் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். அதைப் பார்த்ததும் அந்தச் சொலிசிட்டர் கைகழுவிவிட்டார். 'தங்கள் சொந்தக் கடிதத்திலேயே தவறை ஒப்புக்கொண்டிருப்பதால் இந்த வழக்கை எம்மால் தொடர இயலாது' என்று வசந்தமலருக்கு எழுதினார். ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் வசந்தமலர் அதை எங்கே கொண்டுபோவார்?

கிளாக்கர் ஐயாவிடம்தான் கொண்டுபோனார்! அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டு மேசையில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வரி வந்தது. நிறுத்திவிட்டார். "நாளைக்கு வாங்கோ பிள்ளை" என்றார். முப்பது வருடத்தில் ஒரு கடிதத்தை அவர் பாதியில் விட்டது அன்றைக்குத்தான் என்று ராஜலட்சுமி அம்மா சொன்னார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் வசந்தமலர் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. தானே போனார். நாலாம் மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாராம்.

"பிள்ளை, உங்கட கேஸைக் கெடுத்தது நான். நான் எழுதின கடிதம்தான். என்ன நடந்ததெண்டு நான் உங்களிட்டைக் கேக்கவேயில்லை. கேக்காமல் எழுதிப்போட்டன்."

வசந்தமலர் என்ன சொன்னார் தெரியுமா? பரவாயில்லை ஐயா என்று சொன்னார் என்று நினைப்பீர்கள். இல்லை!

"கேஸ் கெட்டது எனக்கு இப்பதான் தெரியுது. சரி ஐயா. இனி என்ன செய்யப் போறியள்?"

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். அழுது ஆறுதல் சொல்லி அனுப்பியிருந்தால், ஐயா வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். அவர் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, இரண்டு பிஸ்கட் தகரங்களோடு, என் அலுவலகப் படியேறி வந்தார். இரண்டாயிரத்து நாலு, செப்டெம்பர் மாதம். மூன்று வருடக் கெடுவுக்கு இன்னும் ஏழு கிழமை இருந்தது.

நான் கடிதத்தைப் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் நம்பிக்கை இல்லை. "ஐயா, இது கஷ்டம். இதுல அவங்க கையெழுத்து இருக்கு. நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டேன். அவர் ஒரு தகரத்தைத் திறந்து, கடிதங்களை ஒவ்வொன்றாக என் மேசையில் வைத்தார். முதலாவது, எட்மண்டனில் ஒரு முதியவருக்காகக் கவுன்சிலுக்கு எழுதியது. 'எனது கவனயீனத்தால் தங்கள் கூரையின் ஊடாக மழைநீர் என் படுக்கையறைக்குள் வந்துவிட்டது.' இரண்டாவது, பள்ளிக்கூடத்துக்கு. 'எனது கவனயீனத்தால் என் மகனுக்கு அம்மை போட்டுவிட்டது.' மூன்றாவது, ஒருவர் லீவு கேட்டு எழுதியது. 'எனது கவனயீனத்தால் என் மாமியார் காலமாகிவிட்டார்!'

சிரியுங்கள், பரவாயில்லை. நானும் அன்று சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஐயா சிரிக்கவில்லை. "மேடம், இதைக் கோர்ட்டிலை காட்டேலுமோ? இது அந்தப் பிள்ளையின்ர வார்த்தை இல்லை. என்ர வியாதி. அதுக்கு இதுதான் சாட்சி" என்றார்.

காட்டலாம். ஆனால் அவை மற்றவர்களின் சொந்தக் கடிதங்கள். ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும் என்றேன். வழக்கைக் கெடுவுக்குள் பதிந்தோம். அதன்பிறகு அந்த அறுபத்தேழு வயது மனிதர் பஸ் பாஸை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். இருபத்திமூன்று வீடுகள்! இந்த வாசலில், அந்த வாசலில், ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே விஷயத்தைச் சொன்னார். "நான் எழுதின கடிதத்தாலை ஒரு பிள்ளையின்ர கேஸ் கெட்டுப்போச்சு. உங்களுக்கு எழுதினதையும் கோர்ட்டிலை காட்டலாமோ?"

யோசித்துப் பாருங்கள். இலண்டன் தமிழர் மத்தியில் அவருக்கு இருந்த சொத்து எது? வீடா? காரா? அவருடைய ஆங்கிலக் கடிதம்! கிளாக்கர் ஐயா எழுதினால் காரியம் நடக்கும் என்ற பெயர்! அந்தப் பெயரைத் தானே எடுத்துக்கொண்டு போய், வீடு வீடாகக் கெடுத்துவிட்டு வந்தார். பதினேழு பேர் சம்மதித்தார்கள். ஆறு பேர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒருவரும் அவரிடம் கடிதம் எழுதச் சொல்லி வரவில்லை. அந்த ஆறு மாதமும் அவர் என் அலுவலகத்தில் கோப்பு அடுக்கினார், விபத்துச் சட்டத்தை வரி வரியாகப் படித்தார், விளங்காததை என்னிடம் கேட்டார். சில நாள் எனக்கு எரிச்சல் வரும். "ஐயா, இதை நேத்துதான் சொன்னேன்" என்பேன். "ஓம் மேடம், நேற்று விளங்கினது இண்டைக்கு விளங்கேல்லை" என்பார்.

இரண்டாயிரத்தாறு ஏப்ரலில் வழக்கு விசாரணைக்கு வந்தது. ஜூரி கிடையாது, ஒரே ஒரு நீதிபதி. வசந்தமலர் மொழிபெயர்ப்பாளர் மூலம் சாட்சி சொன்னார். அடுத்ததாக ஐயா கூண்டில் ஏறினார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றுவிட்டார். கச்சேரி ஆங்கிலத்தில் அவர் பேசியதை நான் தமிழில் சொல்கிறேன்.

இன்சூரன்ஸ் தரப்புப் பாரிஸ்டர் கெட்டிக்காரர். குரலை உயர்த்தவேயில்லை. "தன் கவனயீனத்தால்தான் விபத்து நடந்தது என்று அந்தப் பெண் உங்களிடம் சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்படியானால், விபத்து எப்படி நடந்தது என்று என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை."

"கேட்காமலே எழுதினீர்கள். அதாவது, உண்மையா பொய்யா என்று தெரியாத ஒன்றை எழுதி, ஒரு நோயாளியிடம் கையெழுத்து வாங்கினீர்கள். இப்போது அவருக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காக வேறு கதை சொல்கிறீர்கள். சரிதானே?"

அவமானம் தாங்காமல் அவர் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அப்படி ஒரு சொல் வந்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். ஐயா நீதிபதியின் பக்கம் திரும்பினார்.

"அவர் முதலில் சொன்னது சரி, ஐயா. தெரியாததை எழுதினேன். முப்பது வருடமாக எழுதினேன். என் சனத்தை நானே குற்றவாளியாக்கி, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன். ஆனால் அந்த மூடியைக் கழற்றியது என் கடிதம் இல்லை. விபத்து நடந்து இரண்டு நாள் கழித்துத்தான் நான் அதை எழுதினேன்."

அவையோரே! பதினைந்து வருடமாக நீதிமன்றத்துக்குப் போய்வருகிறேன். எத்தனையோ பெரிய பாரிஸ்டர்களின் வாதத்தைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்துக்கு ஈடாக ஒன்றைக் கேட்டதில்லை!

நீதிபதி பதினேழு கடிதங்களையும் வாங்கிப் படித்தார். கூரைக் கடிதத்தை வாய்விட்டே படித்தார். பாரிஸ்டரைப் பார்த்து, "கவுன்சிலின் கூரை ஒழுகியதற்கும் இந்த முதியவர்தான் பொறுப்பு என்கிறீர்களா?" என்று கேட்டார். பிற்பகல் தீர்ப்பு வந்தது. விபத்து எப்படி நடந்தது என்பதைப் பற்றி இந்தக் கடிதம் எனக்கு எதையும் சொல்லவில்லை என்றார் நீதிபதி. மூடியைக் கழற்றியது நிர்வாகம். பொறுப்பு முழுவதும் நிர்வாகத்துக்கே என்றார். வசந்தமலரின் பங்கில் ஒரு குறையும் இல்லை என்றார். மொழிபெயர்ப்பாளர் அந்த வரியைச் சொன்னபோதுதான் வசந்தமலர் அழுதார். நாலரை வருடத்துக்குப் பிறகு, அது உன் பிழை இல்லை என்று ஒருவர் அவருக்குச் சொல்கிறார். நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் அழுதேன். ஐயா மட்டும் அழவில்லை. கடிதங்களைத் திகதிப்படி அடுக்கித் தகரத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தொழிற்சாலையில் இன்று என்ன நடக்கிறது? அங்கே இன்னும் வேலை செய்யும் நம் பெண்கள் சொல்கிறார்கள். மூடியை யாரும் கழற்ற முடியாதபடி ஆணி முடுக்கியிருக்கிறார்களாம். மா சிக்கினால் மெஷின் நிற்கிறது. வேலை கொஞ்சம் பிந்துகிறது. பிந்தட்டுமே! எல்லோரும் பத்து விரலோடு வீட்டுக்குப் போகிறார்கள். நட்டஈடு ஒருவருக்குத்தான் கிடைத்தது. அந்த மூடி எல்லோருக்கும் கிடைத்தது. இந்தச் சட்டம் எதற்காக இருக்கிறது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

அதன்பிறகுதான் சங்க அறையில் ஐயாவின் சனிக்கிழமை ஆலோசனை மேசை தொடங்கியது. வேலையில் அடிபட்டவர்கள், பஸ்ஸில் விழுந்தவர்கள், கடைத் தரையில் வழுக்கியவர்கள் வந்தார்கள். நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, "சின்னக் காயம்தான் ஐயா" என்பார்கள். "சுப்பவைசர் நல்ல மனிசன் ஐயா" என்பார்கள். ஐயா பேனாவைத் தொடமாட்டார். விபத்துப் பதிவேட்டில் எழுதினார்களா, டொக்டரிடம் போனீர்களா, பக்கத்தில் நின்றது யார், என்ன திகதி என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தோற்றால் கட்டணம் இல்லை என்ற முறையில் வழக்கு நடத்த வழியிருக்கிறது என்று விளங்கப்படுத்துவார். வழக்கு நிற்காது என்றால், நிற்காது என்று முகத்துக்கு நேரே சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்புவார். பிறகு அந்தப் பழைய பெயர் திரும்பி வந்தது. முன்பைவிடப் பெரிதாகவே வந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் அந்த மேசைக்கு வந்து போனார்கள்.

சென்ற மாதம், எழுபதாவது வயதில், நித்திரையிலேயே போய்விட்டார். முதல்நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, வழக்கம்போல, நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டுத்தான் போனார். நான் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அது இன்னும் எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது.

இனி அந்த மேசை என்னவாகும் என்று மரணவீட்டில் பலர் என்னிடம் கேட்டீர்கள். இந்த மேடையில், ராஜலட்சுமி அம்மாவின் முன்னிலையில் சொல்கிறேன். அந்த மேசை நிற்காது! ஒரு சனிக்கிழமைகூட நிற்கவில்லை! அதில் இப்போது இருப்பவர் வசந்தமலர். இந்த மூன்று வருடத்தில் ஆங்கிலமும் படித்து, இடது கையால் எழுதவும் பழகிவிட்டார். அடுத்த மாதம் எட்மண்டனில் இரண்டாவது மேசை தொடங்குகிறோம். ரெய்னர்ஸ் லேனில் ஒருவர் தன் கடையின் பின்னறையைத் தர முன்வந்திருக்கிறார். சட்ட வேலைக்கு நான் பொறுப்பு. இது வாக்குறுதி.

கடைசியாக ஒன்று. ஐயாவின் தகனத்தன்று, மலர் வைக்க வரிசையில் நின்ற ஒருவர் வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் மலர் வைத்தார். நான் கவனிக்கவில்லை. வசந்தமலர் கவனித்தார். வெளியே கார் பார்க்கில் அவரை மறித்துக்கொண்டார்.

"தம்பி, கைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை அக்கா. வெயர்ஹவுசிலை ஒரு சின்ன அக்சிடென்ட். என்ர கவனக்குறைவுதான்."

"எப்ப நடந்தது?"

"மூண்டு வரியம் வரப்போகுது. அதை விடுங்கோ அக்கா."

வசந்தமலர் விடவில்லை. அந்த மனிதரின் பெயர் யுவனேஸ்வரன். மூன்று பிள்ளைகளின் தகப்பன். பாரம் ஏற்றும் வண்டி அவரை இரும்புத் தட்டுகளோடு சேர்த்து நெரித்திருக்கிறது, தோள்மூட்டு போய்விட்டது. விபத்துத் திகதி இரண்டாயிரத்தைந்து, மார்ச் பதினாலு. இன்று மார்ச் இரண்டு. கடந்த செவ்வாய்க்கிழமை அவருடைய வழக்கை நீதிமன்றத்தில் பதிந்துவிட்டோம்! ஐயா போனபிறகு அந்த மேசையில் இருந்து போன முதல் வழக்கு அது. யுவனேஸ்வரன் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். இதைச் சொல்ல எனக்கு அனுமதி தந்திருக்கிறார்.

அவருடைய வாக்குமூலத்தை வசந்தமலர் தன் கையால் எழுதியிருக்கிறார். இரண்டு மணிநேரம் கேட்டுக் கேட்டு எழுதியது. நான் வேறு அஞ்சலி எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை. தில்லையம்பலம் ஐயாவுக்கு என் அஞ்சலியாக, அந்த வாக்குமூலம் தொடங்கும் வரிகளை மட்டும் வாசித்துவிட்டு அமர்கிறேன்.

'வண்டியின் பிரேக் பிடிக்கவில்லை. அதை நான் மேற்பார்வையாளரிடம் மூன்று தடவை சொன்னேன்.'